பலகை ஏற்றிய சைக்கிள்

தொடாதீர்கள் சார். பார்க்க வேண்டுமானால் அங்கே நின்றபடியே நன்றாகப் பாருங்கள், பார்ப்பதற்கு யாரும் காசு கேட்கப்போவதில்லை. கை மட்டும் வைக்க வேண்டாம்.

இஸ்திரி போடுகிற பலகையா என்று கேட்டீர்களே, உங்களிடம் கோபித்துக்கொண்டு என்ன ஆகப்போகிறது? இந்த ரோட்டில் போகிறவன் வருகிறவன் எல்லாம் இப்படித்தான் ஏதாவது கேட்கிறான். ஒருத்தன் கதவா என்றான். ஒரு அம்மா காரை ஓரங்கட்டி, கண்ணாடியை இறக்கி, "பெரியவரே, இது நாடக செட்டுக்கா?" என்று கேட்டது. அலைமேல் ஏறி நின்று ஓட்டுகிற போர்டு சார் இது. வெள்ளைக்காரன் விளையாட்டு என்பீர்கள். எங்கள் நொச்சிமேடு குப்பத்தில் இன்றைக்குப் பாதிப் பிள்ளைகளுக்கு இதுதான் சோறு போடுகிறது. சனி ஞாயிறு மெட்ராஸிலிருந்து வருகிற கூட்டத்துக்கு ஏறி நிற்கக் கற்றுக்கொடுக்கிறார்கள். என் மகள் மோனிஷா அதில் பெரிய கை. அவள் அலையில் நின்றால் காலுக்குக் கீழே பலகை இருப்பதே தெரியாது. தண்ணீரிலேயே நடந்து வருகிற மாதிரி இருக்கும்.

உட்காருங்கள். மாமல்லபுரத்து பஸ்தானே? அது வருகிறபோதுதான் வரும். எனக்கும் ஒன்றும் அவசரமில்லை.

இல்லை, போன் அடித்தால் அடிக்கட்டும். வீட்டுக்காரிதான். கடற்கரையிலிருந்து கூப்பிடுகிறாள். எடுத்தால் "எங்க இருக்கே?" என்பாள். எங்கே இருக்கிறேன்? ரோட்டில்தான் இருக்கிறேன்.

நொச்சிமேட்டில் பொன்னுரங்கம் என்று கேட்டால் யாரும் சொல்வார்கள். நல்லதாகச் சொல்ல மாட்டார்கள், அது வேறு விஷயம். சின்னப் பிள்ளையில் ஐஸ் பெட்டியைத் தலையில் சுமந்தவன் நான். ஏலத்தில் நிற்கிற பெரிய வியாபாரிகள் காலால் தள்ளி விடுவார்கள், 'தள்ளிப் போடா' என்று. தள்ளிப் போய் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருந்தேன். எவன் எப்போது கண் சிமிட்டுகிறான், எவன் வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு வஞ்சிரத்தின் செவுளையே பார்க்கிறான், எல்லாம். இன்றைக்கு இந்த ரோட்டில் இருக்கிற ஹோட்டல்களுக்கு மீன் போடுகிறது நான்தான். மானேஜர்கள் என்னைக் கண்டால் முதலில் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் பேச உட்காருவார்கள்.

சுனாமிக்குப் பிறகு எங்களைக் கடலைவிட்டுத் தள்ளி, ரோட்டுக்கு இந்தப் பக்கம் குவார்ட்டர்ஸ் கட்டிக் குடிவைத்தார்கள். கடலுக்குப் போகிறவன் கடலைப் பார்க்க சைக்கிளில் போக வேண்டியதாயிற்று. மோனிஷாவுக்கு அதுதான் பெரிய பாடு. பலகை அவளைவிட நீளம். தலையில் வைத்துக்கொண்டு நடந்தால் காற்று அவளையும் சேர்த்துத் திருப்பிவிடும். ஷேர் ஆட்டோக்காரன் ஏற்ற மாட்டான். பஸ்ஸில் கேட்கவே வேண்டாம். நான்தான் யோசித்தேன். ஒரு பழைய சைக்கிள் பிடித்து, தண்ணிக் குழாயை வளைத்துக் கொக்கி மாதிரி இரண்டு செய்து, சீட்டுக்கடியில் ஒன்று, கேரியரில் ஒன்று, வெல்டு வைத்தேன். கொக்கிக்குப் பழைய டியூபைச் சுற்றினேன், பலகை தேயக்கூடாது பாருங்கள். வலது பக்கம் பலகை தொங்கும், இடது பக்கமாக ஏறி உட்கார்ந்துகொள்வாள். எதிர்க்காற்றில் மிதித்துக்கொண்டு போனால் ஏதோ பெரிய மீன் அவளோடு கூடவே நீந்திப் போகிற மாதிரி இருக்கும்.

என்ன சிரிக்கிறீர்கள்? சிரிக்கவில்லையா? சரி.

இப்போது இந்த சைக்கிளில் ஒரு கோளாறு. பலகை தொங்கினால்தான் நேராகப் போகும். பலகை இல்லாமல் எடுத்தால் இடது பக்கமே இழுத்துக்கொண்டு போய்ப் பள்ளத்தில் விடும். அவள் வருஷக்கணக்கில் ஒரு பக்கத்துப் பாரத்தோடு ஓட்டி ஓட்டி, முன்சக்கர ஃபோர்க்கு அதற்கே படிந்துவிட்டது. அதனால்தான் நான் எங்கே போனாலும் பலகையோடு போகிறேன். ரேஷன் கடைக்கும் இப்படித்தான், மருந்து வாங்கவும் இப்படித்தான். ஊரில் என்னென்னவோ பேசுகிறார்கள். பொன்னுரங்கத்துக்குப் புத்தி பிசகிவிட்டதாம். சைக்கிள் கோணல் என்றால் கேட்கிறார்களா? அதோ வளைவில் கடை வைத்திருக்கிறான் ஏகாம்பரம், மெக்கானிக். "அண்ணே, வண்டிய விட்டுட்டுப் போய் ஒரு டீ குடிச்சிட்டு வாங்க, அதுக்குள்ள ஃபோர்க்க நிமித்தித் தர்றேன், காசுகூட வேணாம்" என்கிறான். "என் வண்டியில கை வெச்சே, அந்தக் கைய நிமித்தறதுக்கு ஆள் தேடிக்கினு இருப்பே" என்றேன். அடுத்த ஊரில் ஒருத்தன், அவனும் அதையே சொன்னான். அவனோடும் சண்டை. இந்தப் பக்கத்தில் தொழில் தெரிந்த மெக்கானிக் ஒருத்தன்கூட இல்லை சார்.

பாருங்கள், மறுபடியும் போன். இது வீட்டுக்காரியின் அண்ணன்காரன். இவனுக்கு நான் ஏன் பதில் சொல்ல வேண்டும்?

பலகை வாங்கின கதை கேட்டால் நீங்கள் சிரிப்பீர்கள். ஒரு பிரெஞ்சுக்காரன், ரொம்ப நாள் இங்கே வாடகைக்கு இருந்தவன், ஊருக்குப் போகிறான் என்று சாமான்களை விற்றுக்கொண்டிருந்தான். மோனிஷா என்னை இழுத்துக்கொண்டு போனாள். வழி முழுக்க, "நைனா, நீ வாயத் தொறக்காத. நல்ல மனுஷன், நானே பேசிக்கிறேன்" என்று கெஞ்சிக்கொண்டே வந்தாள். போய் நின்றதும் நான் வாயைத் திறந்தேன். இங்கே கீறல், அங்கே பள்ளம், வெள்ளை எல்லாம் மஞ்சளாகிவிட்டது, இதை எவன் வாங்குவான் என்று ஆரம்பித்தேன். அவன் பாஷை எனக்குத் தெரியாது, என் பாஷை அவனுக்குத் தெரியாது. ஆனாலும் பேரத்தில் அவனைக் கரைத்துக் கரைத்து, கடைசியில் அவனே தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்துவிட்டான். இவளுக்கு வெட்கம். என் முதுகில் கிள்ளுகிறாள்.

அப்புறமும் விடவில்லை நான். சுவரில் ஒரு கயிறு தொங்கிற்று. காலில் கட்டிக்கொள்கிற கயிறு சார், ரப்பர் மாதிரி இருக்கும். ஒரு முனை கணுக்காலில், ஒரு முனை பலகையின் வாலில். விழுந்தாலும் பலகை கையைவிட்டுப் போகாது, அதைப் பிடித்துக்கொண்டு மிதக்கலாம். அதையும் சேர்த்துக் கொடு என்றேன். அவன் நோ நோ என்கிறான். ஓல்டு என்கிறான். கையால் அறுக்கிற மாதிரி காட்டுகிறான், நியூ வாங்கு, நியூ வாங்கு என்று கடைப் பக்கம் கை நீட்டுகிறான். எனக்குத் தெரியாதா? சும்மா கேட்டால் எந்த வியாபாரியும் 'அது நல்லா இல்லீங்க' என்றுதான் சொல்வான். நான் எத்தனை பேரிடம் அப்படிச் சொல்லியிருப்பேன்! கழற்றி எடுத்துக்கொண்டே வந்துவிட்டேன். சும்மா சார், அந்தக் கயிறு. முழுசாக இனாம்.

கொஞ்ச நாளில் அது ஒரு இடத்தில் வெடித்தது. "நைனா, புதுசு ஒண்ணு வாங்கணும்" என்றாள். மீன்காரன் வீட்டில் கயிறு வெடித்தால் கடைக்கா ஓடுவார்கள்? வலை பின்னுகிற நைலான் நூலை எடுத்து, வெடித்த இடத்தைச் சுற்றி இறுக்கி, பல்லால் இழுத்து முடிச்சுப் போட்டேன். என் முடிச்சு சுறா இழுத்தாலும் அவிழாது. "போதுமா?" என்றேன். இழுத்துப் பார்த்துவிட்டு, "உன்னாண்ட பேசி ஜெயிக்க முடியுமா?" என்று கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனாள்.

அது கிடக்கட்டும்.

போன ஐப்பசியில் ஒரு நாள். கடல் கொந்தளிப்பு, படகு எதுவும் இறங்கவில்லை. பெரிய அலை என்றால் இந்தப் பலகைப் பிள்ளைகளுக்குத் திருவிழா. மோனிஷா விடிந்ததும் பலகையை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். நான் வாசலில் பல் விளக்கிக்கொண்டிருந்தேன். "எப்போ வருவே?" என்றேன். "பசிச்சா வருவேன்" என்றாள்.

சைக்கிளை நான்தான் போய் எடுத்துக்கொண்டு வந்தேன். சவுக்குத் தோப்பில் சாத்தியிருந்தது. பலகை இல்லாமல் முதல் தடவை அன்றைக்குத்தான் ஓட்டுகிறேன். பள்ளத்தில் விழுந்தேன். எழுந்து ஏறினேன், மறுபடி விழுந்தேன். முட்டியில் இன்னும் தழும்பு இருக்கிறது.

தெற்கே ஒரு குப்பம். அவர்கள் கரையில் பலகை ஒதுங்கியது என்று ஆள் அனுப்பினார்கள். கரையில் ஒதுங்குவது ஒதுங்கின ஊருக்குத்தான் சொந்தம், அதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். ஆனால் அவர்கள் அதைத் தொட்டு விளையாடவில்லை. புதுப் பாய் விரித்து, அதன்மேல் கிடத்தி, வெள்ளைத் துணியால் மூடி வைத்திருந்தார்கள். தலைமாட்டில் ஒரு பெண்பிள்ளை உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தது. ஈ உட்காரக்கூடாதாம். எனக்கு வந்ததே கோபம். "பலகைக்கு எதுக்குடா துணி? எடுங்கடா!" என்று கத்தினேன். அந்தப் பெண்பிள்ளை விசிறுவதை நிறுத்தவில்லை.

கயிறு பாதியில் அறுந்து தொங்கிக்கொண்டிருந்தது. இதோ பாருங்கள், கேரியரில் சுற்றி வைத்திருக்கிறேன். இது நான் போட்ட முடிச்சு. அப்படியே இருக்கிறதா? நூலில் ஒரு இழை நகர்ந்திருக்கிறதா? அறுந்தது முடிச்சில் இல்லை சார், முடிச்சுக்கு ஒட்டினாற்போலப் பக்கத்தில். டில்லிபாபு என்று ஒருத்தன், எங்கள் பலகைப் பிள்ளைகள் கூட்டத்தில் பெரியவன், அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவன். ஆறுதல் சொல்ல வந்தான். வந்தவன் இந்தக் கயிற்றை எடுத்தான். நூல் இறுக்கின இடத்து ஓரத்தை விரலால் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தான். அப்புறம் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான். என்ன பார்வை சார் அது? எதற்கு அப்படிப் பார்க்க வேண்டும்? ஓங்கி ஒன்று விட்டேன். நாலு பேர் பிடித்துக்கொண்டார்கள். அவன் திருப்பி அடிக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். கடல் இழுத்தால் இரும்புச் சங்கிலியே நிற்காது, கயிறு எம்மாத்திரம்?

அன்றிலிருந்து இந்தப் பலகை தண்ணீரில் இறங்கவில்லை. ஒரு வருஷம் ஆகப்போகிறது. வீட்டுக்குள்தான் இருக்கிறது. ஆனால் காலையில் எழுந்து பார்த்தால் அடியில் தரை ஈரமாக இருக்கிறது. பலகையில் எங்கேயோ ஓட்டை, உள்ளே தண்ணீர் கோத்திருக்கிறது, அது வடிகிறது என்றேன். வேதவல்லி, என் சம்சாரம், அந்த ஈரத்தை விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்க்கிறாள். "உப்புக் கரிக்குதுய்யா" என்கிறாள். கடல் தண்ணி கரிக்காமல் கரும்புச்சாறாகவா இருக்கும்? ஆனால் ஒரு வருஷமாக எவ்வளவு தண்ணி சார் வடியும்?

நான் பேய் பிசாசு நம்புகிறவன் இல்லை. இருட்டில் பிணவாடை அடிக்கிற கரையில் தனியாகப் படுத்துத் தூங்கினவன். ஆனாலும் சொல்கிறேன். சவுக்குத் தோப்பைத் தாண்டினால், பலகையின் அடியில் மீனுக்கு இருப்பதுபோல இருக்கிற மூன்று துடுப்பிலும் காற்று பட்டு ஒரு சத்தம் வரும். கேட்டுக்கொண்டே மிதித்தால், பின்னால் கேரியரில் ஆள் ஏறின மாதிரி வண்டி கனக்கும். திரும்பிப் பார்க்க மாட்டேன். திரும்பினால் இறங்கிவிடும்.

காற்றுதான் சார். வேறென்ன?

ஆமாம், தினமும் போகிறேன். விடிகிற நேரத்தில் போய்ப் பலகையை ஈர மணலில் வைப்பேன். பேசுவேன். யாரிடமா? எதிரில் கடலைத் தவிர வேறு யார் இருக்கிறார்கள்? "இதோ பார், இது உனக்குப் பிடிச்சிருந்துதுன்னுதானே எடுத்தே? அப்புறம் எதுக்குத் திருப்பிப் போட்டே? நான் கொடுத்துடறேன். நீ அவளக் கொடு" என்பேன். முதலில் பலகை மட்டும்தான் சொன்னேன். அப்புறம் என் படகைச் சேர்த்தேன். அப்புறம் ஹோட்டல் வியாபாரத்தைச் சேர்த்தேன். ஒரு நாள், இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது, வேதவல்லியைக்கூடச் சேர்த்தேன். என்னையும் சேர்த்துத்தான் சொன்னேன். அது வாயைத் திறக்கவில்லை. கெட்டிக்கார வியாபாரி சார். பேசாமல் இருக்கிறவன்தான் சரக்கின்மேல் கண் வைத்திருப்பான். வேண்டாதவன் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவான். அது சொல்லவில்லையே! தினமும் பலகையின் நுனிவரைக்கும் வருகிறது, தடவிப் பார்க்கிறது, போய்விடுகிறது. இன்னும் படியவில்லை, அவ்வளவுதான்.

இதை யாரிடம் சொல்வது? இப்போது ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசி முடிவு பண்ணிவிட்டார்கள். கடலில் போய் உடம்பு வராதவர்களுக்கு எங்களிடம் ஒரு முறை இருக்கிறது. கடைசியாகக் கையில் பிடித்திருந்த சாமானை உடம்பாக வைத்துக் காரியம் செய்வார்கள். துடுப்பாக இருக்கும், வலையாக இருக்கும். பூ வைத்து, பால் தெளித்து, படகில் கொண்டுபோய் ஆழத்தில் விட்டுவிடுவார்கள். பெற்றவன்தான் தன் கையால் கொண்டுவர வேண்டும். ஆமாம் சார், இன்றைக்குத்தான். இப்போதுதான். எல்லோரும் கரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். டில்லிபாபு கூட்டமும் பலகைகளோடு வந்திருக்கிறதாம்.

நேற்று வீட்டில் பெரிய ரகளை. "விட்டுட்டா அப்புறம் அதுகிட்ட நான் இன்னாத்த வெச்சுப் பேசுவேன்? கையில சரக்கில்லாதவன எவன் மதிப்பான்?" என்று கத்தினேன். வேதவல்லி கத்தவில்லை. ஒரு வருஷமாக வாசல் கதவைத் தாழ் போடாமல் படுக்கிறாள் அவள். காற்றில் கதவு அசைந்தால் எழுந்து உட்காருவாள். நாய் நடந்தால் எழுந்து உட்காருவாள். "எனக்குத் தூக்கம் வேணும்யா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அதற்கு நான் என்ன செய்ய முடியும்? கதவைத் தாழ் போடு என்றேன். முறைத்தாள்.

அதான் கிளம்பினேன். கிளம்பி, இங்கே வந்ததும், டயரில் காற்று குறைவு மாதிரி இருந்தது. நிறுத்தினேன். என்ன, டயரை அழுத்திப் பார்க்கிறீர்களா? தொடாதீர்கள் என்றேனே சார்!

அதோ. வருகிறாள் பாருங்கள். குளித்த தலையோடு, செருப்பில்லாமல். இந்த வெயிலில் தார் ரோட்டில் எப்படி நடந்து வந்தாள்? இப்போது பாருங்கள், ரோடு என்றும் பார்க்காமல் சண்டைக்குப் பிடித்துக்கொள்வாள். நானும் தயார்தான்.

"இந்தா, ஆரம்பிக்காத. வந்துக்கினுதான் இருக்கேன். டயர்ல காத்து இல்ல. இவரக் கேளு வேணும்னா. இல்ல வேதா, நான் யோசிச்சுப் பாத்தேன். இன்னிக்கு வேணாம். தை அமாவாசைக்கு வெச்சுக்கலாம். ஏன்னு கேக்காத. கடல் இப்ப சரியில்ல. தை அமாவாசை, அதான் என் பேச்சு."

தை என்றால்தான் சார் கார்த்திகைக்காவது இறங்கி வருவாள். உங்களுக்குப் புரிகிறதா? ஒரு மாதம் கிடைத்தால் போதும் எனக்கு.

"இன்னா சொன்னே? காதுல விழல. சரியா? இன்னா சரி?"

சார், நீங்கள் கேட்டீர்களா? சரி என்கிறாளா?

"ஏய், முழுசாக் கேட்டியா? இன்னும் மூணு மாசம் வேதா. தை. உங்க அண்ணனுக்கு இன்னா பதில் சொல்லுவே? எழுந்து வீட்டுக்குப் போகச் சொல்லிடறியா? பூவெல்லாம்? அதையும் விட்டுடறியா? சண்ட போட மாட்டியா நீ?"

போகிறாள் சார். திரும்பிப் பார்க்காமல் போகிறாள். முப்பது வருஷம் என்னோடு குடித்தனம் பண்ணினவள். ஒரு கட்டுக் கீரைக்குக்கூட என்னிடம் முதல் பேச்சுக்குச் சரி என்று சொன்னதில்லை. ஏலத்தில் எத்தனை முகம் பார்த்திருக்கிறேன்! கெஞ்சுகிறவன் தேறிவிடுவான். திட்டுகிறவன் தேறிவிடுவான். கேட்ட உடனே சரி என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போகிறான் பாருங்கள், அவனிடம் கொடுப்பதற்கு இனி ஒன்றுமே இல்லை என்று அர்த்தம். அவன் வீட்டில் அன்றைக்கு உலை வைக்க மாட்டார்கள். அந்த நடை எனக்குத் தெரியும். அதே நடை.

தள்ளுங்கள் சார். ஸ்டாண்டை எடுக்க வேண்டும். நகருங்கள்!

"ஏய் வேதா! நில்லு! நில்லுன்றேன் இல்ல! என் செருப்பப் போட்டுக்க, கால் சுடும். போட்டுக்கடி. தை எல்லாம் இல்ல. ஒண்ணும் இல்ல. எனக்கு ஓட்ட முடியல, தள்ளிக்கினு வரேன். காத்து கெளம்பிடுச்சு, ஒத்தையா ஆவாது. நீ பின்னால வாலுப் பக்கம் பிடிச்சுக்க. அவ்ளோ இறுக்கிப் பிடிக்காத, மெதுவா. வா. ஒண்ணும் சொல்லாத. கரை வரைக்கும் ஒண்ணும் சொல்லாத வேதா. நானும் பேசல."